பத்து நிமிடக் காது

பெட்டியின் பக்கவாட்டில் அச்சிட்டிருந்ததை எல்லாம்
வாங்கிய அன்றே படித்துவிட்டேன்.
கோர்ப்போத் தீவில் மார்ச் மாத மாலைக்கு
முடிவென்று ஒன்று கிடையாது.

எண்ணூற்றிரண்டு புள்ளி பதினொன்று,
அதன் வாலில் பி, ஜி, என், ஏசி என்று
ஏதோ அரச குடும்பத்து வம்சாவளி.
விடிஎஸ்எல் உண்டு, பழைய ஏடிஎஸ்எல்லும் உண்டு:
எந்தச் செம்புக் கம்பியில் வந்தாலும் வா என்கிறது.
ஊருக்கு ஒரே முகவரியைக் காட்டும்.
உள்ளே ஆளுக்கொன்று பிரித்துத் தரும்,
இருபத்துநான்கு மணி நேரக் குத்தகைக்கு,
கேட்காமலே புதுப்பிக்கும்.
(என் கம்பெனி ஒப்பந்தம் அப்படியில்லை.)
அடியில், எறும்பு எழுத்தில்,
டிஎஃப்எஸ் ஆதரவு உண்டு என்றிருந்தது.
யாருக்கு ஆதரவு என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்டில் கூட்டம் வைத்தார்கள்.
தூர்க்குவில் பெயிண்ட் கம்பெனி, முப்பத்தோராவது பேரோ
முப்பத்திரண்டாவது பேரோ நான்.
படம் தெளிவாக இருக்கட்டும் என்று
முந்தின நாள்தான் பெட்டியை
அலமாரிக்குள்ளிருந்து ஜன்னலுக்கு மாற்றினேன்.
யோர்மா தண்ணீர் குடித்துவிட்டு,
போகவேண்டியவர்களின் பெயர்களை
அகர வரிசையில் வாசிக்கத் தொடங்கினார்.
ஹெக்லுண்ட். யான்சன்.
கே வந்தது. வாய் திறந்தபடி உறைந்தார்.

வைஃபை விளக்கு அணைந்திருந்தது.
இரண்டு புள்ளி நான்கை நானேதான் மூடியிருந்தேன்,
மைக்ரோவேவோடு அதற்கு ஓயாத சண்டை.
மஞ்சள் கேபிள் ஒன்று கூடவே வந்தது.
அதில் தக்காளிச் செடியைக் கட்டியிருக்கிறேன்.

போனுக்குச் சிக்னல் கிடைப்பது
முற்றத்துக் கோடியில், சூனிப்பர் புதருக்குப் பக்கத்தில் மட்டும்.
ஓடினேன்.
உதவி எண்ணில் எடுத்தவர் பெயர் வெய்யோ.
ஓலுவில் எங்கோ உட்கார்ந்து
எதையோ மென்றுகொண்டிருந்தார்.

"கோர்ப்போவா? உங்கள் ஊரில்
மழை பார்க்கிற ரேடார் இருக்கிறதே, அம்மா.
எந்தத் தடத்தில் வைத்திருக்கிறீர்கள்?"
நூற்று இருபத்துநான்கு.
காலியாக இருக்கிறதென்று என் தம்பி வைத்தது.
"காலியாகத்தான் இருக்கும். அது மழையின் தடம்.
ரேடார் துடிப்பு காதில் விழுந்தால்
உங்கள் பெட்டி உடனே வாயை மூட வேண்டும். சட்டம்.
பக்கத்துத் தடத்துக்குப் போனாலும் அதுவும் மழையுடையது,
பேசுவதற்கு முன் பத்து நிமிடம்
சும்மா கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்."
ஐந்து மாதமாய்க் கேட்கவில்லையே?
"ஐந்து மாதம் அலமாரிக்குள் இருந்ததே."

போனிலேயே கூட்டத்துக்குள் போயிருக்கலாம்.
சுட்டி கையில்தான் இருந்தது, கட்டைவிரல் தூரத்தில்.
தலையை நிமிர்த்தினேன்.
ஹவுட்ஸ்கார் பக்கம் கடல்
ஈயம் ஊற்றிய மாதிரி கிடந்தது.
கொடியில் நாலு போர்வை, தலையணை உறைகள்,
என் கணவரின் படகுச் சட்டைகள் மூன்று,
எல்லாம் ஒரே திசையில் கைநீட்டிக்கொண்டு.

அதை எங்கிருந்தோ ஒரு வெள்ளை உருண்டை
எனக்கு முன்பே பார்த்துவிட்டது.
பார்த்ததை என் பெட்டி ஒட்டுக்கேட்டது.
வழி விட்டது.
நான் மட்டும்தான் இதில் கடைசி.

கிளிப்புகளை வாயில் கவ்விக்கொண்டு
ஒவ்வொன்றாய் இழுத்தேன்.
கே போயிருக்கும். எல். எம்.
போர்வையின் நாலு முனைகளைச் சேர்க்கும்போது
என்.
எஸ்-இல் ஏழு பேர் இருக்கிறோம்.
சோடர்ஹோல்ம் நான் ஒருத்திதான்.
கடைசிச் சட்டையின் கைகள் முறுக்கிக்கொண்டன,
அவசரப்படாமல் பிரித்தேன்.

திரும்பி வந்தபோது பச்சை எரிந்தது.
யோர்மாவின் வாய் மறுபடி அசைந்தது:
"வெஸ்டர்மார்க்."
பிறகு, நன்றி என்றார். யாரிடமென்று தெரியவில்லை.
கேள்வி இருக்கிறதா என்றார்.
மைக்கின் படத்தின்மேல் சிவப்புக் கோடு.
நான் அதைத் தொடவில்லை.

வெளியே முதல் துளிகள்
தக்காளிக் கொம்பின் மஞ்சள் கேபிளில் விழுந்து தெறித்தன.
மடியில் வைத்து உறைகளை மடித்தேன்.
எல்லாம் காய்ந்திருந்தன.
ஒன்று குறைந்தது.
சூனிப்பரில் சிக்கியிருக்கும்.