முப்பத்தேழாவது கொண்டை ஊசி

தலைகுந்தாவில் ஒரு பெட்டி பேச்சை நிறுத்திவிட்டது.
நேற்று மாலை வரை
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதே வாக்கியம்:
தரையில் இத்தனை டிகிரி.
போஜன் போனில் சொன்னார்,
"விளக்கும் எரியல, ஒண்ணும் எரியல.
கேரட்டு எழுபது நாளு, ஜெசிந்தாம்மா.
மேகமே இல்ல. ராத்திரி கருக்கிரும்."

மசினகுடியிலிருந்து கடைசிப் பேருந்து.
கல்லட்டியில் முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவு.
ஒவ்வொன்றிலும் நேற்று அனுப்பிய நிரலில்
ஒரு வரியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.
பத்தொன்பதாவதில் பிடிபட்டது.

பாட்டரி மிச்சம் பிடிக்க
முதல் வரியிலேயே 'உறங்கு' என்று எழுதியிருக்கிறேன்.
எப்போது எழுவது என்று எழுதவில்லை.
சொன்ன சொல் தட்டாத போர்டு.
ரீசெட்டை அழுத்தினால் கண் திறக்கும்,
முதல் வரியைப் படிக்கும், கண்ணை மூடும்.
நடுவில் ஊசி நுழைய இடமில்லை.

மோட்டார் அறையில் டார்ச் வெளிச்சம்,
டீசல் வாடை, உரச் சாக்கின் மேல் லேப்டாப்.
இந்தச் சில்லில் ஒரு மூலை உண்டு,
நான் எவ்வளவு கெடுத்தாலும் கெடாதது.
ஆலையிலேயே எழுதி அனுப்பியது.
பூட்லோடர் என்பார்கள்.
அதற்குக் கேரட் தெரியாது, பனி தெரியாது.
யாராவது தட்டினால்
பதில் சொல்ல மட்டும் தெரியும்.

அதை எழுப்ப இரண்டு கம்பியை
ஒன்றாய்ச் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.
சேர்க்கும் துண்டு ஊட்டியிலுமில்லை, பையிலுமில்லை.
தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவினேன்.
மூன்று கை வேண்டிய வேலை.
ஊசியைப் போஜன் பிடித்துக்கொண்டார்,
செம்மண் ஏறிய கட்டைவிரல்
அந்தக் கம்பியை உணர்ந்திருக்குமா தெரியவில்லை.

ரீசெட்.
ஏழு எஃப் என்று தட்டினேன்.
ஒன்றுமில்லை.
இதன் வாய் அதன் காதுக்கு,
அதன் வாய் இதன் காதுக்கு, மாற்றிச் செருகினேன்.
ஒன்றுமில்லை.
வேகத்தைக் குறைத்தேன். ஒன்றுமில்லை.
"புடிச்சுக்கிட்டேதான் இருக்கேன்" என்றார், கேட்காமலே.
பிறகு ஞாபகம் வந்தது, பாரிட்டி.
இரட்டைப்படை என்று வைக்காவிட்டால்
அது நம்மை மதிக்கவே மதிக்காது.

ஏழு ஒன்பது.

திரையில் இவ்வளவுதான் வந்தது.
இருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம்.
எனக்கு மூக்கு ஒழுகியது, குளிரில்தான்.

இனி சொந்தக் காசில் வைத்துக்கொண்ட சூனியம்:
யாரும் திருடிவிடக் கூடாதென்று
நானே போட்ட பூட்டு.
பூட்டியவளும் நான்,
பூட் பொத்தான் தேடி மலையேறியவளும் நான்.
பூட்டைத் திறந்தால் உள்ளே உள்ளதெல்லாம் அழியும்,
அதுதான் நிபந்தனை.
சம்மதமா என்று கேட்டது. சம்மதம்.

"நாப்பத்தொரு ராத்திரி போச்சு" என்றேன்.
"எந்த ராத்திரி?"
"அளந்து வெச்சது, பனி."
யோசித்தார். ஊசி கையிலேயே இருந்தது.
"அது விழுந்த பனி. இன்னிக்கு விழறதுக்கு ஆள் போடு."

புது நிரலில் எழுவதை முதலில் எழுதினேன்,
உறங்குவதை அதற்கும் கீழே.
இரண்டே முக்காலுக்கு விளக்கு ஒருமுறை சிமிட்டியது.
ஊசியை எடுக்கலாம் என்றேன்.
அவர் நம்பவில்லை,
இன்னும் ஒரு சிமிட்டல் வரை பிடித்திருந்தார்.

நாலு பத்துக்குத் தரையில் ஒரு டிகிரி.
ரிலேயில் டக்கென்று ஒரு சத்தம்,
மோட்டார் இருமி, பிடித்துக்கொண்டது.
இருட்டில் தெளிப்பான்கள்
ஒவ்வொன்றாய்த் தலையைத் திருப்ப ஆரம்பித்தன.
மூலையில் ஒன்று மட்டும் அடைத்துக்கொண்டிருந்தது.
குச்சியோடு அதை நோக்கிப் போனார்,
நனைந்துகொண்டே.

லேப்டாப்பில் புதிய வரி:
இரவு 1.

முடியை அவிழ்த்தபடியே விட்டுவிட்டேன்.
ஊசி அவர் சட்டைப் பையில்.