திற, மூடு

என் வேலை கம்பியின் இந்த முனையில்.
டாக்டர் ஷ்வெர்ட்டர் “திற” என்றால்
கைப்பிடியைத் தள்ளுவேன்.
“மூடு” என்றால் இழுப்பேன்.
அப்பால், யாரோ ஒருவரின் வயிற்றுக்குள்,
நாலு இழைக் கூடை ஒன்று
விரியும், சுருங்கும்.
பதினோரு வருஷமாக இந்த அறையில் நான் கேட்கும் மொழியில்
இரண்டே வினைச்சொற்கள்.

தெமுக்கோவில் அன்று மழை.
தெமுக்கோவில் என்றுதான் மழை இல்லை?

சுனில்டா பாய்னெஃபில், ஐம்பத்து மூன்று வயது,
கடலோரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவள்.
பாறையைக் கவ்விக் கிடக்கும் கொச்சாயூயோப் பாசியை
அலை பின்வாங்கும் நேரம் பார்த்து அறுத்து,
உலர்த்தி, கட்டுக் கட்டாக விற்பவள்.
நகக்கண் வரை மஞ்சள்.
காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள்.
நான் கேட்டே பார்த்தேன்.
“சுவர் பச்சை. உன் அங்கி நீலம்.
உன் முகம்தான் கொஞ்சம் வெளிறியிருக்கிறது” என்றாள்.

கறுப்புக் குழலை எடுத்து வந்தபோது
முழங்கையை ஊன்றி எழுந்து பார்த்தாள்.
“முப்பது வருஷமாக இதைத்தானே
கடலுக்குள்ளிருந்து வெளியே இழுக்கிறேன்.
இன்றைக்கு உள்ளே போகிறதா?”
சிரித்து முடிக்குமுன் மருந்து அவளைத் தூக்கிப்போனது.

தொண்டை, இரைப்பை, ஒரு வளைவு.
குடல்சுவரில் சின்ன மொட்டு.
அதுதான் எங்கள் வாசல்.
முதல் தடவை கம்பி கணையத்துக்குள் நுழைந்தது.
சட்டென்று பின்வாங்கினோம்;
அந்த வீட்டில் தட்டினால் தெருவே எரியும்.
ஆறாவது தடவையில்
பித்தம் கசிந்தது, சீழோடு,
எரித்த எண்ணெய்போல.
சாயம் ஏற்றினோம். திரையில்
வெள்ளை மரம் ஒன்று கிளைவிட்டது.
அடிமரத்தில் ஒரு பொந்து,
வெளிச்சம் ஒதுங்கிப்போகும் இருட்டு.
கல்.

திற. மூடு.
பிடித்தது. இழுத்தோம். வரவில்லை.
வாசலை இன்னும் சற்று கீறி அகலமாக்கினோம்.
திற. மூடு.
கல்லும் கரையும் என்று சொன்னவர்கள்
இப்படி ஒன்றைக் கூடையில் பிடித்துப் பார்த்ததில்லை.
என் உள்ளங்கையில் ஒரு ‘டக்’.
இழை ஒன்று அறுந்து உள்ளேயே தங்கிவிட்டது.

டாக்டர் எதுவும் சொல்லவில்லை.
ஈய அங்கிக்குள் அவர் முதுகு நனைந்திருக்கும்;
என்னுடையது நனைந்திருந்தது.
கல்லுக்கும் சுவருக்கும் இடையில்
பிளாஸ்டிக் ஸ்டென்ட் ஒன்றைச் செருகி
தேங்கியதற்கு ஓர் ஓடை வெட்டினோம்.
பிறகு கையுறையைக் கழற்றி
ஓயார்சுனுக்குப் போன் செய்தார்:
“வியாழக்கிழமை நீ திறக்க முடியுமா?”
அந்தச் சொல்லை எனக்கில்லாமல்
வேறொருவருக்கு அவர் சொல்லக் கேட்டேன்.

வியாழனன்று நான் அங்கே இல்லை,
மகளின் பல்லுக்காக வரிசையில் நின்றிருந்தேன்.
வயிற்றைத் திறந்து, பித்தப்பையை எடுத்து,
நாளத்தைக் கீறி
விரலாலேயே தள்ளினாராம் ஓயார்சுன்.
ஒரு நிமிஷம்கூட ஆகவில்லையாம்.
வெள்ளிக்கிழமை என் மேசையில் ஒரு சிறு புட்டி.
புறாமுட்டை அளவு கல்.
என் இழை அதைச் சுற்றியபடி,
இன்னும் விடாமல்.

இரண்டு வாரம் கழித்து பஸ் நிலையத்தில்
குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்தாள்;
முகமூடியில்லாத என் முகம் அவளுக்குப் புதிது.
கண் வெளுத்திருந்தது.
கோட்டுக்குள்ளிருந்து ஒரு ரப்பர் குழாய்,
அதன் நுனியில் பை, பையில் பித்தம்.
கோபத்துக்கும் கிறுக்குக்கும் நாம் பேர் வைத்த சரக்கு,
தேன்போல் தெளிந்து,
ஜன்னல் வெளிச்சத்தில் அவள் தூக்கிக் காட்ட.

“அடுத்த வாரம் இதை உருவுகிறார்களாம். நீயா?”
“இல்லை, ஓயார்சுன்.”
“யாரானால் என்ன.
அலை பின்வாங்கும்போது இழுக்கச் சொல்.”

காலடியில் தம்பி மகன் விற்கக் கொண்டுவந்த கட்டுகள்.
ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள்,
சூப்புக்கு நல்லது என்றாள்.
முழு விலையையும் எண்ணி வாங்கிக்கொண்டாள்.