எண்பதாம் நாள்

பெர்ன் ஆஸ்பத்திரியின் நிலவறை.
நாலாம் அறையின் அயோடின் பையை
இன்றைக்குத்தான் திறக்கலாம்.
எட்டு நாளைக்கொரு தரம் பாதி,
பாதியில் பாதி:
கந்துவட்டியைத் தலைகீழாகப் போட்ட கணக்கு.

கருவியைக் கிட்டப் பிடிக்கிறேன்.
வெறுஞ்சுவருக்கு என்ன சத்தமோ
அதே சத்தம்.
மஞ்சள் ஸ்டிக்கரைச் சுரண்டிவிட்டால்
இனி சும்மா குப்பை.

தலையணை உறை, டூத் பிரஷ்,
ஒரு குறுக்கெழுத்துத் தாள்.
ஹெடி ருக்ஸ்டூல் அம்மாள்
கண்ணாடிக்கு அந்தப்புறமிருந்து கேட்டார்:
"உங்கள் பக்கத்து ஆறு, ஆறெழுத்து?"
கங்கை என்றேன். எழுதினார்.
குறுக்கே பொருந்தாமல் அடித்துமிருக்கிறார்.

முப்பத்தோராம் நாள் அவர் போய்ச் சேர்ந்தார்.
பைக்கு அனுமதியில்லை.

லாரி பின்னோக்கி வரும் பீப் சத்தம்.
பசை ஒட்டிய விரலால் பேனாவைத் திறந்து
காவேரி என்று எழுதுகிறேன்.
அவர் மொழியில் ஆறெழுத்து,
என்னுடையதில் மூன்று.