பொழுது போகாத ஊர்

டண்டீ திரும்பிப் பன்னிரண்டு நாளாகிறது.
கோட்டிலிருந்து நாய் வாடை போகவில்லை.
ஆல்பர்ட் வீதிச் சலவைக் கடையில்
மூன்றாம் முறையாகச் சுற்றுகிறது.
வட்டக் கண்ணாடிக்குள் கைகளை வீசுகிறது,
முங்குபவனைப் போலவா
பேருந்தை நிறுத்துபவனைப் போலவா, தெரியவில்லை.

"பனிக்கு எத்தனை சொல்லாம் அவர்களிடம்?"
கடைக்கார ஐல்சா சில்லறை எண்ணிக்கொண்டே கேட்கிறாள்.
எல்லாரும் கேட்பது இதைத்தான்.
நான் கேட்கவில்லை, ஐல்சா.
அங்கே தாதி அவியாயாதான் என்னைக் கேட்டாள்,
வெயிலுக்கு உங்களிடம் எத்தனை என்று.
இளவெயில், மஞ்சள்வெயில், உச்சிவெயில்,
வெக்கை, புழுக்கம், அனல், காங்கை, கத்திரி...
விரல் மடக்கி வந்தவள்
இரண்டாம் கைக்குப் போனதும்
"போதும், வியர்க்கிறது" என்றாள்.

போனது எக்ஸ்ரே இயந்திரத்தைப் பழுது பார்க்க.
கிரீன்லாந்தின் கிழக்குக் கரை, நானூறு பேர், ஒரே கடை.
எந்தச் சாலையும் அடுத்த ஊருக்குப் போகாது.
மூடுபனி மனது வைத்தால் ஹெலிகாப்டர் வரும்.

ஜூன் மாதம்.
பொழுது போகவில்லை என்று நாம் சலித்துக்கொள்வோமே,
அங்கே நிஜமாகவே போகவில்லை.
நள்ளிரவில் பிள்ளைகள் பந்து உதைக்கிறார்கள்.
விரிகுடாவில் ஒரு பனிமலை இடிபோல் பிளக்கிறது,
ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.
மூன்றாம் நாள்
நானும் திரும்பவில்லை.

நான்காம் நாள் இயந்திரம் கண் விழித்தது.
சோதிக்க ஓர் எலும்பு வேண்டும்.
ஊரில் யாருக்கும் எதுவும் முறியவில்லை.
மலிக் தன் சறுக்குவண்டி நாயைத்
தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.
மேசையில் அது என்னைவிட அமைதியாகக் கிடந்தது.
பிடித்துக்கொண்டவன் நான். வாடை ஏறியது அப்போதுதான்.
படம் விழுந்தது:
கறுப்பில் ஒரு வெள்ளைப் பட்டை,
குறுக்கே மயிரிழை விரிசல்.
மலிக் வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னான்,
"மே மாசக் கடல் முதலில் இப்படித்தான் விடும்."

அன்றிரவு, இரவென்று கடிகாரம் சொன்னது,
அவியாயா கடல்நாய் இறைச்சி வெட்டினாள்.
பிறை போல ஒரு கத்தி, உலு என்று பெயர்.
நான் அரிவாள்மனையைக் கையால் வரைந்து காட்டினேன்:
கத்தி அசையாது, மீன்தான் அதனிடம் வரும்.
"தானாகவா?" என்றாள்.
சிரித்துச் சிரித்து இறைச்சி ஆறிவிட்டது.

இதையெல்லாம் ஐல்சாவிடம் சொல்லவில்லை.
ஈரக் கோட்டைச் சுருட்டிக்கொண்டு
வீட்டுக்கு நடந்தேன்.

வீடு என்பது பழைய சணல் ஆலை, மூன்றாம் தளம்.
வங்கத்துச் சணல் இங்கே கப்பலில் வந்திறங்கியது.
முரட்டு நார், இழைய மறுத்தது.
வடக்கே போன கப்பல்கள் திமிங்கல எண்ணெயோடு திரும்பின.
ஊற்றி ஊற வைத்து இளக்கினார்கள்.
ஒன்றுக்கொன்று முன்பின் தெரியாத இரண்டு கடல்கள்
இந்தக் கூரைக்குக் கீழே
ஒரே தொட்டியில் கிடந்திருக்கின்றன.

என் கட்டிலுக்கு அடியில் பலகையில் ஒரு கறை.
தேநீர்க் கறை என்றார் வீட்டுக்காரர்.
ஐந்து வருஷம் தேய்த்தேன்.
இன்று தேய்க்காமல்
மண்டியிட்டு முகர்ந்து பார்த்தேன்.
ஒன்றுமில்லை.
தூசி, கொஞ்சம் பினாயில்.

மணி பத்து. டே நதியின் மேல் இன்னும் வெளிச்சம்.
கோட்டைக் கைப்பிடிச் சுவரில் உலரப் போட்டுவிட்டுக்
கதவைத் திறந்தே வைத்தேன்.
படியேறி வந்த கீழ்வீட்டு நாய்
வாசலில் நின்றது. மூக்கைத் தூக்கியது.
குரைக்கும் என்று பார்த்தேன்.
உட்கார்ந்துவிட்டது.