மூன்று சீட்டு

பெண்டிகோ. நூற்றாண்டு முடிய ஒரு வருஷம்.
ஆகஸ்ட் குளிர், நகரசபைத் தேர்தல்.
சீட்டு வழங்கும் குமாஸ்தா நான்.

வேட்பாளர் ஹாக்லிக்குப் பீர் ஆலை இருக்கிறது,
வரி அதிகம், ஆகவே மூன்று சீட்டு.
ஒவ்வொன்றையும் தனித்தனியே மடித்தார்
பிள்ளையின் சட்டையை மடிப்பதுபோல்.

அடுத்து தாமசின் ட்ரெகியர், சலவைக்காரி.
சுரங்கத் தூசி புருஷனைத் தின்றபின்
வீட்டுவரி அவள் பெயரில். ஒரு சீட்டு.
சட்டசபைக்கு அவளைக் கூப்பிட மாட்டார்கள்,
சாக்கடைக்குக் கூப்பிடுவார்கள்.

இங்கே வேண்டியவருக்குக் குறி போடுவதில்லை;
வேண்டாதவர் பெயரை அடிக்க வேண்டும்.
அடித்தாள்.
பென்சில் முனை முறிந்த சத்தம்
என் மேசைவரை கேட்டது.

இரவு எண்ணுகையில் ஒரு சீட்டில்
ஹாக்லி இருந்த இடத்தில் ஓட்டை.
"செல்லாது" என்றார் அவருடைய ஆள்.
கிழிந்தால் செல்லாதென்று எந்த விதியில்?
தேடினார். விளக்குக்கு எண்ணெய் ஊற்றினோம்.
இன்னும் தேடினார்.
செல்லும் குவியலில் வைத்தேன்.

பதினொரு சீட்டில் ஹாக்லியே ஜெயித்தார்.

தாமசின் இருக்கும் சந்தில்தான் நானும்.
வாடகை அறை; வரியில்லை, வோட்டுமில்லை.
வாசலில் பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தேன்:
அரை ஆழாக்கு நகரசபை.