வியாழக்கிழமை, மீன் ஆலையின் மேல்மாடி

நவம்பரில் கிரிம்ஸ்பிக்கு நாலரைக்கே இருட்டிவிடும்.
ஷிஃப்ட் முடிந்து ஏறி வருகிறார்கள்.
எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும்
பயிற்சித் தாளில் முதலில் வந்து உட்கார்வது
ஹேடக் மீனின் வாசனைதான்.

இன்றைய பாடம்:
பெட்டியைத் தூக்கு என்னும்போது
'பிக்'குக்கும் 'அப்'புக்கும் நடுவே பெட்டி நிற்கலாம்,
பின்னால் போயும் நிற்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள்.
பெட்டியை 'அது' என்று சுருக்கிவிட்டாலோ
வாலில் நிற்க அதற்கு அனுமதி இல்லை.
பிக் இட் அப்.
நடுவில்தான்,
இரண்டு பெரியவர்களுக்கிடையே
பஸ்ஸில் ஒடுங்கி உட்காரும் பிள்ளைபோல.

ஏன் என்றான் மெப்ரஹ்டு.
அஸ்மாராவிலிருந்து நான்கு எல்லை தாண்டி வந்தவன்.
அனுமதி இல்லை என்று யார் சொன்னாலும்
காரணம் கேட்காமல் விடமாட்டான்.
தெரியவில்லை என்றேன்.
இந்த ஊரிலேயே பிறந்தவள் நான்.
சொந்த வீட்டுக்கு எத்தனை படி என்று
யார் எண்ணி வைத்திருக்கிறார்கள்?

ஷீலான் எழுதியிருந்தாள்: எக்ஸ்ப்ளெயின் மீ.
'டு' விட்டுப்போயிற்று, என்றேன்,
எனக்கு விளக்கு என்பதற்கு
என்னை விளக்கு என்று எழுதியிருக்கிறாய்.
ஆமாம், என்றாள்,
குடிவரவு அலுவலகத்தில்
மூன்று வருஷமாக அதைத்தானே கேட்கிறார்கள்.
சிவப்பு மையை அங்கே வைக்க மனம் வரவில்லை.
வைத்தேன்.

கிவ் இட் டு மீ.
'டு'வுக்குக் கீழே இரண்டு கோடு போட்டுத் திரும்புகிறேன்,
கதவில் டோரீனின் தலை:
ஸ்டோர் சாவி உன்கிட்டயா? கிவ் இட் மீ!
பதினோரு முகம் பலகைக்குத் திரும்பி
டோரீனுக்குத் திரும்பி
என்னிடம் வந்து நின்றது.
இந்தப் பக்கத்தில் அப்படியும் சொல்வோம், என்றேன்.
அந்த 'டு'வை எப்போதோ கடலில் போட்டுவிட்டோம்.
மெப்ரஹ்டு மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.

கடைசிப் பயிற்சி, 'லீவ்' வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம்.
யுர்கிட்டாவின் தாளில்
என் கணவர், லெஃப்ட், டு மீ.
நடுவில் ஒரு சொல் விழுந்திருக்கிறது, எது?
அவள் பேசவில்லை. நானே பலகையில் எழுதினேன்:

லெஃப்ட் மீ. என்னை விட்டுப் போனார்.
லெஃப்ட் இட் டு மீ. எனக்கு விட்டுப் போனார்;
உயில், வக்கீல், கறுப்புக் கோட்டு.
லெஃப்ட் இட் வித் மீ. என்னிடம் விட்டுப் போனார்;
வந்து வாங்கிக்கொள்வார்.
லெஃப்ட் மீ வித் இட்.
என் தலையில் கட்டிவிட்டுப் போனார்.

நான்கையும் படித்தாள்,
விலைப்பட்டியல் பார்ப்பதுபோல மேலிருந்து கீழே,
மறுபடி கீழிருந்து மேலே.
பிப்ரவரியில் ஸ்டவாங்கருக்கு ஒரு படகு.
இங்கே ஒரு வேன், வேனுக்கு மாதத் தவணை, ஒரு நாய்.
இதில் எது என்று அவருக்கே தெரியாது, என்றாள்.
அந்த வாக்கியத்தில் பிழை இல்லை என்பதை
கவனிக்கக் கூடாத நேரத்தில் கவனித்தேன்.
தொழில் புத்தி.

எல்லாரும் கோட்டு மாட்டும்போது
தாளை என் முன்னால் வைத்தாள்.
பழைய வரியை அடித்துவிட்டு அடியில்
ஐ லெஃப்ட் இட் அட் தட்.
அத்தோடு விட்டேன்.

நான் சொல்லித்தரவில்லை இதை.
டோரீனிடம் பொறுக்கியதோ,
பேக்கிங் பெல்ட்டுக்கு மேலே கத்தும் ரேடியோவிலோ.
'இட்' அதற்குரிய நடுவிடத்தில்
ஒடுங்கி உட்கார்ந்திருந்தது.
அந்த 'இட்' எது என்று
கேட்க வாயெடுத்தேன்.
பேனா மூடியைத் தேடினேன்.

கீழே வேன் இரண்டு முறை இருமிக் கிளம்பியது.
முன்சீட்டில் நாய்
நிமிர்ந்து உட்கார்ந்து
சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.