சொல்லுக்கு எவ்வளவு

ரொசாரியோவின் பலசரக்குக் கடைகளுக்கு
பில் போடும் மென்பொருள் எழுதுகிறேன்,
பன்னிரண்டு வருடமாக, ஒற்றை ஆளாய், ஸ்பானிய மொழியில்.
வாங்குகிறவர்களில் பாதிப்பேர் இப்போது சீனர்கள்.
"சீனத்தில் கிடைக்குமா எர்சிலியா?" என்பார்கள்,
பாதி வாக்கியத்தை விரலால் முடித்து.

மொழிபெயர்ப்பாளர் தேடினேன்.
சோதனைக்கு ஐந்தே சொற்கள்.
மாத்ரித்திலிருந்து விலைப்பட்டியல் மட்டும் வந்தது.
மீதிச் சில்லறையை நாங்கள் 'திரும்பியது' என்போம்;
லிமாக்காரர் அதை
ஊர் திரும்பியவனாக்கி அனுப்பியிருந்தார்.

எதையும் அழிக்குமுன் என் திரை கேட்கும்:
"செகூரோ?"
உறுதிதானா என்று பொருள்.
பத்திரமாக இருக்கிறீர்களா என்றும் கொள்ளலாம்.
மூன்றாமவர் இரண்டாவதைக் கொண்டிருந்தார்.
எழுத்தெழுத்தாய் அகராதி புரட்டித்தான் கண்டுபிடித்தேன்.
தவறுதான்.
ஆனாலும் அந்த மடலை மூட
கொஞ்ச நேரம் ஆனது.
அந்த மாதத்தில் வேறு யாரும் என்னை அப்படிக் கேட்கவில்லை.

ஞாயிறு இரவு மாத்தே இலை தீர்ந்து
மூலைக்கடைக்குப் போனேன்.
கல்லாவில் என் திரை. மங்கலாக.
சுற்றிலும் ஒட்டுத்தாள், பச்சை மையில் சீன எழுத்து,
ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒன்று.
படம் எடுக்கப் போனை நீட்டினேன்.
கல்லாப் பெண் சட்டென்று
எல்லாவற்றையும் பிய்த்துக் கசக்கினாள்.
வரி அதிகாரி என்று நினைத்துவிட்டாள்.

நான்தான் இதை எழுதியவள் என்று நம்பவைக்க
இலைப்பொட்டலத்துக்கு மூன்று முறை பில் போட்டு
மூன்று முறை ரத்து செய்து காட்ட வேண்டியிருந்தது.
ஷ்யுவே பீஜென். ஃபுச்சிங்கிலிருந்து வந்தவள்.
கசங்கியதை முழங்கையால் நீவி
ஒவ்வொன்றாய்ப் படித்துச் சொன்னாள்:

சேமி: மின்சாரம் போகுமுன் அழுத்து.
ரத்து: ஆள் மனம் மாறினால்.
கடன்: மூன்றாம் மாடி டீச்சருக்கு மட்டும்.
நீக்கு: தொடாதே, அண்ணனைக் கூப்பிடு.
செகூரோ: ஆமாம் என்று அழுத்து,
எப்போதும் இதையேதான் கேட்கும்.

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.
வரிசையில் பின்னாலிருந்தவர்
பீர் பாட்டிலால் மேசையைத் தட்டினார்.

சொல்லுக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டேன்.
பீருக்குப் பில் போட்டு, மீதி எண்ணிக் கொடுத்து,
கல்லாவை இடுப்பால் மூடிவிட்டுக் கேட்டாள்:
"எந்தச் சொல்லுக்கு?"